டொரண்ட் வழிக் கோப்புப் பகிர்வு: ஆபத்துகளும் பொறுப்புகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவர்கள், பிள்ளைகளுக்காக வீட்டில் இணைய இணைப்பு வாங்கியிருக்கும் பெற்றோர், சிறு அலுவலகம் நடத்துபவர்கள் ஆகியோர் டொரண்ட் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய பகுதிகள் பொதுவான விளக்கங்களே. உங்கள் பெயருக்கு ஒரு கடிதமோ அறிவிப்போ வந்துவிட்டால் வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் முறை.

பியர்-டு-பியர் என்றால் என்ன? சாதாரணப் பதிவிறக்கத்திலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

ஓர் இணையத்தளத்திலிருந்து கோப்பை இறக்கும்போது எங்கோ இருக்கும் ஒரு சர்வர் கொடுக்கிறது, உங்கள் கணினி வாங்கிக்கொள்கிறது. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பியர்-டு-பியர் முறையில், சுருக்கமாகச் சொன்னால் பி2பி முறையில், நடுவில் அப்படி ஒரு சர்வர் இருந்து கோப்பைக் கொடுப்பதில்லை. கோப்பை வேண்டுபவர்களின் கணினிகளே அதை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போன்றது இது. வடத்தைத் தொட்ட ஒவ்வொருவரும் தேரை இழுப்பவரே.

இம்முறையில் இன்று பரவலாக உள்ள வடிவம் பிட்டொரண்ட். டொரண்ட் என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். அமெரிக்க நிரலாளர் பிராம் கோஹன் 2001-இல் இதை வெளியிட்டார். 5 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பை 1 எம்பி துண்டுகளாகப் பிரித்தால் ஏறத்தாழ 5000 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடப்பட்ட, கைரேகை போன்ற ஓர் எண், டொரண்ட் கோப்பு எனப்படும் சிறு விவரக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். இதற்கு ஹாஷ் என்று பெயர். உங்கள் கணினியில் உள்ள டொரண்ட் மென்பொருள் 17-ஆம் துண்டை ஒருவரிடமிருந்தும் 4210-ஆம் துண்டை வேறொருவரிடமிருந்தும் வாங்கி, ஹாஷ் பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தினால் வைத்துக்கொள்ளும். பொருந்தாவிட்டால் எறிந்துவிட்டு மறுபடி கேட்கும். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதைச் சீட் செய்வது என்கிறார்கள். கொடுப்பவரும் வாங்குபவருமாக அந்தக் கோப்பைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஸ்வார்ம் என்று பெயர்.

யார் உங்களுக்குத் துண்டுகள் தருகிறாரோ அவருக்கு முன்னுரிமை கொடுத்துத் திருப்பித் தரும்படி இந்த முறை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எனவே கோப்பு முழுமையாக வந்து சேர்வதற்கு வெகு முன்பே, உங்களிடம் வந்துவிட்ட துண்டுகள் முகம் தெரியாத பலருக்குப் போகத் தொடங்கிவிடும். கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

டொரண்ட் பயன்படுத்துவதே குற்றமா?

இல்லை. இது ஒரு போக்குவரத்து முறை மட்டுமே. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களும் லிபர்ஆபீஸ் அலுவலகத் தொகுப்பும் அவற்றின் அதிகாரப்பூர்வத் தளங்களிலேயே டொரண்டாகக் கிடைக்கின்றன. இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் இணைய நூலகம் தன்னிடமுள்ள படைப்புகளுக்கு 2012 முதல் டொரண்ட் வசதி தருகிறது. இணைய இணைப்பு இல்லாத பள்ளிகளில் விக்கிப்பீடியாவைப் படிக்க உதவும் கிவிக்ஸ் திட்டத்தின் பெரிய கோப்புகளையும் இப்படிப் பெறலாம். விண்டோஸ் 10 வந்ததிலிருந்து, மைக்ரோசாஃப்டின் புதுப்பிப்புகளைக்கூட ஒரு கணினி மற்றொரு கணினிக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அறியாமலே நீங்கள் பி2பி பயன்படுத்திக்கொண்டிருக்கக் கூடும்.

அப்படியானால் இதைச் சுற்றி ஏன் இத்தனை வழக்குகள்?

1999-இல் ஷான் ஃபானிங் என்ற இளைஞர் நாப்ஸ்டர் என்னும் பாட்டுப் பகிர்வு மென்பொருளை வெளியிட்டார். பாடல்கள் பயனர்களின் கணினிகளில் இருந்தாலும், எந்தப் பாடல் யாரிடம் உள்ளது என்ற அட்டவணை நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. அந்த அட்டவணையே அதற்கு எமனாயிற்று. 2001-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பொறுப்பைச் சுட்டிக்காட்டியதும் சேவை மூடப்பட்டது. மைய அட்டவணை இல்லாமல் இயங்கிய அடுத்த தலைமுறை மென்பொருள்களும் தப்பவில்லை. உரிமை மீறலைத் தூண்டும் நோக்கோடு ஒரு கருவியை வழங்குபவர் அதைப் பயன்படுத்துவோரின் மீறலுக்குப் பொறுப்பாவார் என்று 2005-இல் குரோக்ஸ்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. 2009 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம், டொரண்ட்களைத் தேடித் தரும் பைரேட் பே தளத்துடன் தொடர்புடைய நால்வருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சிறைக்காலம் குறைந்து இழப்பீட்டுத் தொகை கூடியது.

தளங்களை நடத்தியவர்களோடு வழக்குகள் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பெண், கசா என்னும் பி2பி மென்பொருள் வழியாக 24 பாடல்களைப் பகிர்ந்ததற்காக மூன்று முறை ஜூரி விசாரணையைச் சந்தித்தார். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்த தொகை 2,22,000 டாலர். கடையில் வாங்கியிருந்தால் சில பத்து டாலர்களில் முடிந்திருக்கும். அந்தத் தொகை நியாயமானது என்று நான் கருதவில்லை. ஆனால் பகிர்வைச் சட்டம் எந்தக் கண்ணோடு பார்க்க முடியும் என்பதற்கு அது சான்று.

நான் எனக்காகப் பதிவிறக்கம் மட்டுமே செய்தேன். யாருக்கும் எதையும் கொடுக்கவில்லையே?

இதுவே நான் மிகுதியாகக் கேட்கும் வாக்கியம். சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. தங்கள் கணினி என்ன செய்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. டொரண்ட் மென்பொருளின் சாளரத்தில் இறங்கும் வேகத்துக்குப் பக்கத்திலேயே ஏறும் வேகமும் ஓர் எண்ணாகக் காட்டப்படுகிறது. அந்த இரண்டாவது எண் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நொடியும் நீங்கள் விநியோகம் செய்துகொண்டிருக்கிறீர்கள். இறக்கம் முடிந்த பிறகும், மென்பொருளை முழுமையாக மூடாத வரையில், அது கடிகாரத்துக்கு அருகில் சிறு சின்னமாக உட்கார்ந்துகொண்டு நாள்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

சட்டம் இந்த வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கிறது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பைப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வதையே ‘பொதுமக்களுக்குத் தெரிவித்தல்’ என்று வரையறுக்கிறது. யாரேனும் அதை உண்மையில் பார்த்தார்களா, கேட்டார்களா என்பது பொருட்டல்ல என்றும் 2(எஃப்எஃப்) பிரிவு சொல்கிறது. அந்த உரிமை படைப்பின் உரிமையாளருக்கு மட்டுமே உரியது. 2016-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில், முடக்கப்பட்ட தளங்களில் காட்டப்பட்ட எச்சரிக்கை வாசகம் பற்றிய பேச்சு எழுந்தபோது, உரிமம் இல்லாத படத்தைப் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது, பாதிப்பு உண்டாக்கும் வகையில் விநியோகிப்பதும் பொதுவில் திரையிடுவதும் விற்பதுமே குற்றம் என்று நீதிபதி கௌதம் பட்டேல் விளக்கினார். அந்த விளக்கத்தைப் படித்து ஆறுதல் அடையும் டொரண்ட் பயனர்கள், தாங்கள் நிற்பது பார்ப்பவர் வரிசையிலா, விநியோகிப்பவர் வரிசையிலா என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பதிவேற்ற வேகத்தை மிகக் குறைவாக வைத்துவிட்டால்?

ஸ்வார்மில் உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண், அப்போதும் பட்டியலில் இருக்கும். சில துண்டுகளாவது வெளியே போகும். நீங்கள் கொடுக்காவிட்டால் மற்றவர்களும் உங்களுக்குத் தயங்கியே கொடுப்பார்கள் என்பதால் இறக்கமும் நத்தை வேகத்தில் நகரும்.

என் ஐபி முகவரி யாருக்குத் தெரியும்?

ஸ்வார்மில் உள்ள அனைவருக்கும் தெரியும். கொடுத்து வாங்க முகவரி வேண்டும் அல்லவா? உங்கள் டொரண்ட் மென்பொருளில் ‘பியர்ஸ்’ என்ற பகுதியைத் திறந்தால் அந்த நேரத்தில் உங்களோடு தொடர்பில் உள்ள கணினிகளின் முகவரிகளும், பல மென்பொருள்களில் அவற்றின் நாட்டுக் கொடிகளும் வரிசையாகத் தெரியும். அந்தப் பட்டியலை நீங்கள் பார்ப்பதுபோலவே, உரிமையாளரால் அமர்த்தப்பட்ட கண்காணிப்பு நிறுவனமும் ஒரு சாதாரணப் பங்கேற்பாளராகச் சேர்ந்து, முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. இதற்கு ஊடுருவல் எதுவும் தேவையில்லை.

முகவரியை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்க இணையச் சேவை நிறுவனத்தின் பதிவேடு வேண்டும். அதைப் பெறும் வழி நாட்டுக்கு நாடு மாறுகிறது. நம் ஊர் மொபைல் இணைப்புகளில் பல சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வது உண்டு. அதை ஒரு மறைவிடமாக எண்ணிவிட வேண்டாம். எந்த நேரத்தில் எந்தச் சந்தாதாரருக்கு அது ஒதுக்கப்பட்டது என்ற குறிப்பைச் சேவை நிறுவனங்கள் வைத்திருக்கின்றன.

இந்தியாவில் என்ன தண்டனை?

அறிந்தே பதிப்புரிமையை மீறுவதற்கு, அல்லது மீறுவதற்கு உடந்தையாக இருப்பதற்கு, பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வணிக ஆதாயத்துக்காகச் செய்யப்படவில்லை என்றால், தக்க காரணங்களைப் பதிவுசெய்து நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். இந்தக் குற்றம் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்கது, பிணையில் விட முடியாத வகையைச் சேர்ந்தது என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துவதற்கு 63பி என்ற தனிப் பிரிவு இருக்கிறது. அதில் சிறைத்தண்டனை 7 நாளில் தொடங்கி 3 ஆண்டு வரை போகலாம். கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, வடிவமைப்பு மென்பொருளை நம்பித் தொழில் நடத்தும் டிடிபி மையங்களும் ஸ்டூடியோக்களும் கவனிக்க வேண்டியது இந்தப் பிரிவைத்தான். 52-ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அளிக்கும் நியாயமான கையாளுகைச் சலுகையிலிருந்தும் கணினி நிரல்கள் வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளன.

திரையரங்கில் கேமரா வைத்துப் பதிவுசெய்வது 2023-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டத்தின் கீழ் வருகிறது. 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். அபராதத்தின் உச்சவரம்பு படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டமே 2004-இல் திருத்தப்பட்டு, திருட்டு விசிடிக்காரர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். வெளியான முதல் நாளே படம் இணையத்தில் வந்துவிட்டால், வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்த சிறிய தயாரிப்பாளர் எழுந்திருப்பது கடினம் என்ற கோபம் இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு.

தளங்களை நீதிமன்றம் முடக்கும்போது மற்றவர்களும் பாதிக்கப்படுகிறார்களே?

பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். 2012-இல் ஒரு தமிழ்ப் படத்தைக் காப்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்பட்ட ‘ஜான் டோ’ ஆணையை, அதாவது பெயர் தெரியாத எதிரிகள் மீதான ஆணையை, காரணம் காட்டி இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற முறையான தளங்களையும் சேர்த்தே முடக்கின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே முடக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. முடக்கப்பட்ட தளம் மறுநாளே வேறு பெயரில் முளைப்பதைச் சமாளிக்க, 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், நகல் தளங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போக வழிவகுக்கும் ஆணையைப் பிறப்பித்தது. உரிமையாளரின் நட்டத்தைத் தடுப்பதும், குற்றமற்ற தளத்தின் வாயை அடைக்காமல் இருப்பதும் ஒருசேர நடக்க வேண்டும். அளவு மீறிய முடக்கத்தை எதிர்ப்பவர்கள் எல்லோரும் திருட்டை ஆதரிப்பவர்கள் அல்லர்.

மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறேன். அங்கே டொரண்ட் பயன்படுத்தக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

உரிமம் இல்லாத கோப்புகளைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மை. ஊரில் பழகிய கை அங்கே போய் முதல் வாரத்திலேயே ஒரு படத்தை இறக்க, சில வாரங்கள் கழித்து வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ‘அப்மானுங்’ எனப்படும் எச்சரிக்கைக் கடிதம் வந்து நிற்பது இந்திய மாணவர்களுக்குப் புதிதல்ல. உரிமையாளர் ஐபி முகவரியைக் குறித்து, நீதிமன்ற ஆணை பெற்று, இணைய நிறுவனத்திடமிருந்து பெயரையும் விலாசத்தையும் வாங்கிவிடுகிறார். கடிதத்தில் படத்தின் பெயர், தேதி, நேரம், முகவரி எல்லாம் இருக்கும். பல நூறு ஐரோ கேட்கப்படும். பகுதிநேர வேலை பார்க்கும் மாணவருக்கு அது ஒரு மாதத்து வாடகை.

கூடவே, இனி இதைச் செய்ய மாட்டேன், செய்தால் அபராதம் கட்டுவேன் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் கையெழுத்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். பயத்தில் அதில் உடனே கையெழுத்திடுவது ஒரு தவறு. கடிதத்தைக் குப்பையில் போடுவது அதைவிடப் பெரிய தவறு. பத்திரத்தின் வாசகம் உங்களை நீண்ட காலம் கட்டுப்படுத்தும், தேவைக்கு மேல் ஒப்புக்கொள்ளச் செய்யும். அதைத் திருத்திக் கொடுக்கும் வழி உண்டு. குறிப்பிட்ட கெடுவுக்குள் பல்கலைக்கழக மாணவர் அமைப்பின் சட்ட ஆலோசனைப் பிரிவையோ, நுகர்வோர் ஆலோசனை மையத்தையோ, இத்துறை வழக்கறிஞரையோ அணுகுங்கள். முதன்முறை எச்சரிக்கைக்குத் தனிநபரிடம் கேட்கக்கூடிய வழக்கறிஞர் கட்டணத்துக்கு 2013 முதல் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மின்னஞ்சலில் இணைப்போடு வரும் ‘எச்சரிக்கைகள்’ போலியாக இருக்கலாம். இணைப்பைத் திறக்காமல் முதலில் விசாரியுங்கள்.

இன்னொரு கண்ணி உண்டு. 2014-இல் வெளிவந்த பாப்கார்ன் டைம் போன்ற செயலிகள் பார்ப்பதற்குச் சாதாரண வீடியோ தளம் போலவே இருக்கும். உள்ளே ஓடுவது டொரண்ட். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் துண்டுகள் உங்களிடமிருந்து மற்றவர்களுக்குப் போகும். ‘நான் பார்க்கத்தானே செய்தேன்’ என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் சட்டம் வேறு. சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவிறக்குவது அங்கே அனுமதிக்கப்பட்டது, பதிவேற்றுவது மீறல். ஆனால் டொரண்டில் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதை மேலே பார்த்தோம். ஆகவே அங்கே வாழும் நம் மக்கள் ‘இங்கே எல்லாம் சட்டப்படி சரி’ என்று சொல்வது பாதி உண்மையே.

வீட்டு இணைப்பு என் பெயரில் இருக்கிறது. பிள்ளையோ அறைத் தோழரோ செய்ததற்கு நான் பொறுப்பா?

கடிதம் முதலில் வருவது இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவருக்குத்தான். ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் இதில் கற்றுக்கொள்ளத் தக்கவை. 2012 நவம்பரில், 13 வயதுச் சிறுவன் செய்த பகிர்வுக்காகப் பெற்றோர் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், இது தவறு என்று பிள்ளைக்கு முறையாகச் சொல்லித் தடுத்திருந்தால் பெற்றோர் பொறுப்பாக மாட்டார்கள், சந்தேகத்துக்குக் காரணம் இல்லாதபோது எந்நேரமும் கண்காணிக்கத் தேவையில்லை என்று கூறப்பட்டது. 2017 மார்ச்சில் வந்த மற்றொரு தீர்ப்போ, வளர்ந்த பிள்ளைகளில் யார் செய்தது என்று தெரிந்தும் பெயரைச் சொல்ல மறுத்த பெற்றோரே தொகையைக் கட்ட வேண்டும் என்றது. சொல்லி வைப்பது வீண் பேச்சல்ல, அது உங்களைக் காக்கும் செயல் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

எங்கிருந்தாலும் ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், விருந்தினருக்குத் தனி வைஃபை வைத்துக் கொடுங்கள். கல்லூரி விடுதியிலும் அலுவலகத்திலும் டொரண்ட் ஓட்டுவது அங்குள்ள விதிகளையும் மீறுவதாகப் பெரும்பாலும் அமையும். அதோடு ஒருவருடைய ஏற்றம் மற்ற அனைவரின் இணைப்பையும் திணறடிக்கும்.

டொரண்டில் வைரஸ் வரும் என்கிறார்கள். ஹாஷ் சரிபார்க்கப்படுகிறதே, பின் எப்படி?

ஹாஷ் உறுதிசெய்வது ஒன்றையே: முதலில் வெளியிட்டவர் எதை வைத்தாரோ அதுவே பிசகாமல் உங்களிடம் வந்திருக்கிறது. அவர் விஷத்தை வைத்திருந்தால் விஷமும் ஒரு துளி சிந்தாமல் வந்து சேரும்.

மிகுதியான ஆபத்து கிராக் செய்த மென்பொருளிலும் விளையாட்டுகளிலும் உள்ளது. ‘ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இதை இயக்கவும்’ என்ற குறிப்போடு வரும் நிரலை, நிர்வாகி உரிமையும் கொடுத்து, நம் கையாலேயே இயக்குகிறோம். வீட்டுக் கதவைத் திறந்து வைத்து, நாயையும் கட்டிப்போட்ட பிறகு திருடனுக்கு வேறென்ன வேண்டும்? கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ஸ்டாப் எனப்படும் ரான்சம்வேர் குடும்பம் பரவியது பெரும்பாலும் இத்தகைய கிராக்குகள் வழியாகத்தான். நிறுவனங்களைவிடத் தனிநபர்களும் மாணவர்களுமே அதில் மாட்டினார்கள். குடும்பப் புகைப்படங்களும் முடிக்கும் தறுவாயில் இருந்த ஆய்வேடும் ஒரே இரவில் திறக்க முடியாதவையாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு, மிச்சம்பிடித்த சில ஆயிரம் ரூபாய் பெரிதாகத் தெரியாது.

திரைப்படம் என்று இறக்கிய கோப்பின் பெயர் எம்பி4 என்று தெரிந்து, அதன் பின்னால் இஎக்ஸ்இ என்ற உண்மையான பின்னொட்டு ஒளிந்திருக்கலாம், ஏனெனில் விண்டோஸ் பின்னொட்டுகளை இயல்பாகவே மறைத்து வைக்கிறது. அந்த அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். கடவுச்சொல் இட்ட சுருக்கக் கோப்பு வந்து, ‘கடவுச்சொல் பெற இந்தப் பக்கத்துக்குப் போகவும்’ என்று சொன்னால் அழித்துவிடுங்கள்.

டொரண்ட் மென்பொருளுமே ஆபத்தாக மாறியதுண்டு. 2016 மார்ச்சில், மேக் கணினிகளுக்கான டிரான்ஸ்மிஷன் மென்பொருளின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இருந்த 2.90 பதிப்பை யாரோ மாற்றி, கீரேஞ்சர் என்னும் ரான்சம்வேரை உள்ளே வைத்துவிட்டார்கள். அது மூன்று நாள் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு கோப்புகளைப் பூட்டி, ஒரு பிட்காயின் கேட்டது. மென்பொருளைப் புதுப்பித்து வைப்பதும், முக்கியமான கோப்புகளின் நகலைக் கணினியோடு இணைக்காத தனி வட்டில் வைப்பதும் இதற்காகத்தான்.

நான் பகிராத என் சொந்தக் கோப்புகளும் வெளியே போய்விடுமா?

பிட்டொரண்டில் நீங்கள் சேர்த்த டொரண்டுக்கு உரிய கோப்புகள் மட்டுமே போகும். ஒரு கோப்புறை முழுவதையும் பகிரும் பழைய வகை பி2பி மென்பொருள்களில்தான் இந்த ஆபத்து பெரிது. கசா மென்பொருளை வைத்து எச்பி ஆய்வகத்தில் 2002-இல் நடந்த ஆய்வில், கணினியில் எவை பகிரப்படுகின்றன என்பதைக் கலந்துகொண்ட 12 பேரில் இருவரால் மட்டுமே சரியாகச் சொல்ல முடிந்தது. 2009-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் ஒழுங்கு நெறிக் குழுவின் இரகசிய ஆவணமே, ஓர் இளநிலை ஊழியரின் வீட்டுக் கணினியில் இருந்த பகிர்வு மென்பொருள் வழியாக வெளியேறிப் பத்திரிகைக்குப் போனது. ஆகவே அலுவலகக் கோப்புகளைத் திறக்கும் மடிக்கணினியில் எந்தப் பகிர்வு மென்பொருளும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கணக்காளர்களும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் வைத்திருப்பது பிறருடைய விவரங்கள்.

விபிஎன் போட்டுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை. ஸ்வார்மில் தெரியும் முகவரி மாறும், அவ்வளவுதான். இணைப்பு ஒரு கணம் அறுந்தால் உண்மையான முகவரி வெளிப்பட்டுவிடலாம். இலவச விபிஎன் என்றால் உங்கள் போக்குவரத்து முழுவதையும் முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கிறீர்கள். இந்தியாவில் இயங்கும் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் முகவரியும் உள்ளிட்ட விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டது. அதன் பிறகு பல வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை அகற்றிக்கொண்டன. விபிஎன் வைரஸைத் தடுக்காது, மீறலை மீறல் அல்லாததாக ஆக்கவும் செய்யாது.

டெலிகிராமில் படம் இறக்குவதும் பி2பி தானா?

இல்லை. அங்கே கோப்பு அந்நிறுவனத்தின் சர்வரில் இருந்து வருகிறது, நீங்கள் தானாக விநியோகிப்பதில்லை. ஆனால் ஒரு குழுவுக்கு அதை முன்னனுப்பினால், டொரண்டில் மென்பொருள் செய்ததை நீங்களே விரலால் செய்கிறீர்கள்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

திட்டுவதற்கு முன் அவர்களுக்கு அந்த ஏறும் வேகம் என்ற எண்ணைக் காட்டி, அதன் பொருளை விளக்குங்கள். பதின்ம வயதினர் இயக்கம் புரிந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஒன்றை மட்டும் தயங்காமல் பேச வேண்டும். பி2பி வலைகளில் கோப்பின் பெயர் ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருப்பது உண்டு. குழந்தைகளைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கும் காட்சிகள் தவறான பெயரில் வந்து விழலாம். அத்தகையவற்றை இறக்குவதும் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பகிரும் எண்ணத்துடன் அவற்றை அழிக்காமலோ தெரிவிக்காமலோ வைத்திருப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்தின் மாறுபட்ட தீர்ப்பை நீக்கி, இப்பிரிவுகளைக் கண்டிப்பாகப் பொருள் கொண்டது. பிள்ளை அப்படி எதையேனும் பார்த்துவிட்டால் பயந்து மறைக்காமல் உடனே உங்களிடம் வந்து சொல்லும் நம்பிக்கை வீட்டில் இருக்க வேண்டும். டொரண்டை நிறுத்தி, யாருக்கும் காட்டாமல், தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில் தெரிவியுங்கள். அந்தக் காட்சிகளுக்குப் பின்னால் ஒரு குழந்தை உண்மையில் துன்பப்பட்டிருக்கிறது.

எங்கும் விலைக்குக் கிடைக்காத பழைய படங்கள், நூல்கள்? அவற்றைப் பகிர்வது பண்பாட்டுத் தொண்டு அல்லவா?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். உரிமையாளர் யாரென்றே தெரியாமல், மறுபதிப்பும் இல்லாமல், செல்லரித்துப் போகும் படைப்புகள் நம்மிடம் ஏராளம். ஆனாலும் கிடைக்கவில்லை என்பது உரிமை முடிந்துவிட்டது என்பதற்குச் சமமாகாது. இந்தியாவில் நூலுக்கு, ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டு. திரைப்படத்துக்கு, வெளியான பின் 60 ஆண்டு. இரண்டும் அடுத்த நாட்காட்டி ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கிடப்படும். படத்துக்குக் காலம் முடிந்தாலும் அதன் பாடல் வரிகளுக்குத் தனியே காலம் ஓடிக்கொண்டிருக்கலாம். இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த பின் 70 ஆண்டு.

நேர்வழி இருக்கிறது என்பதே மகிழ்ச்சி. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளை யாரும் பகிரலாம். 1998 முதல் மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி இலவசமாகத் தருகிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நூலகம் நிறுவனம் சேர்த்து வைத்திருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுத்தாளர்களே மனமுவந்து தரும் மின்னூல்களும் உண்டு. உரிமையாளர் உயிரோடு இருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள். கேட்கப்படாமல் எடுக்கப்பட்டதைத்தான் பலரும் மனக்குறையாகச் சொல்கிறார்கள்.

முறையான கோப்பு ஒன்றை டொரண்டில் பெற்றேன். எவ்வளவு நேரம் சீட் செய்ய வேண்டும்?

சட்டம் எதுவும் இல்லை, வழக்கம் உண்டு. நீங்கள் வாங்கிய அளவையாவது திருப்பிக் கொடுப்பது, அதாவது மென்பொருள் காட்டும் விகிதம் 1.0 ஆகும் வரை திறந்து வைப்பது, பொதுவான மரியாதை. 5 ஜிபி இறக்கினால் 5 ஜிபி கொடுங்கள். ஏறும் தரவும் உங்கள் மாதாந்தர அளவில் கழியலாம் என்பதால், மொபைல் இணைப்பில் இதைச் செய்ய வேண்டாம். வீட்டு ஃபைபர் இணைப்பில் ஏறும் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டு இரவில் ஓடவிடலாம்.

புதிய லினக்ஸ் பதிப்பு வெளியாகும் நாளில் ஆயிரக்கணக்கானோர் சீட் செய்வார்கள். அங்கே உங்கள் பங்கு சிறிது. ஐந்தாறு ஆண்டுக்கு முன் யாரோ உழைத்து மின்னாக்கிய, உரிமம் தெளிவாக உள்ள ஒரு தமிழ்ச் சிற்றிதழ்த் தொகுப்பின் டொரண்டுக்குச் சீட் செய்பவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார். அவர் கணினியை மாற்றிவிட்டால், 99 சதவீதத்தில் நின்றுபோன இறக்கத்தை வைத்துக்கொண்டு மற்றவர்கள் காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒன்று உங்களிடம் முழுமையாக இருந்தால் அதை நீக்காமல் ஓடவிடுங்கள்.